வெறுமையை எழுதப் புறப்படும் பிள்ளைக்கு

பிள்ளை,

நீ மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னா. முதல் வேலையாக வன்னியைப் பற்றிய ஆங்கில அறிக்கை ஒன்று வந்திருக்கிறது, அதில் பக்கத்துக்குப் பக்கம் 'டெசலட்' என்று கிடக்கிறது, எல்லா இடத்திலும் 'பாழ்' என்று போட்டுவிடலாமா என்று கேட்டு அனுப்பியிருந்தாய். போடலாம். கொழும்பிலே இருந்து பார்க்கிறவர்கள் ஒருவரும் பிழை பிடிக்கமாட்டார்கள். ஆனால் அதைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வாசிப்பார்கள். பாழ் என்று நீ எழுதப்போகும் வளவின் சொந்தக்காரர் உனக்கு முன்னால் பஸ்ஸில் இருந்து வாசிப்பார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பெரியப்பா காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன். யுத்தம் முடிந்த பிறகு, வந்தவர் போனவருக்கெல்லாம் உரை பெயர்த்துக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்தவன். கொஞ்சம் பொறுத்துக் கேள்.

1. அகராதியை அவசரமாக மூடாதே. இந்தச் சொல்லுக்கு எழுத்து ஒன்றுதான், வாயிலே வரும்போது இரண்டு. பெயரடையாக வந்தால் 'டெசலட்', வினையாக வந்தால் 'டெசலேட்'. பெயரடை இடத்துக்கும் வரும், ஆளுக்கும் வரும். இடமென்றால் சனமில்லாமல் வெறித்துக் கிடப்பது. ஆளென்றால் துணையும் தேறுதலும் இல்லாமல் நிற்பது. வினையென்றால் ஓர் ஊரை ஆளில்லாமல் ஆக்குவது, அழிப்பது. மூலம் இலத்தீன், 'தனி' என்று பொருள்படும் 'சோலுஸ்' அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. இப்போது குளிர்காற்று வீசும் மலைவெளிக்கும் மரமில்லாத கரைக்கும்கூட இதைச் சொல்கிறார்கள், அது பிந்தி வந்த தாராளம். அடிப்படையில், முன்பு யாரோ இருந்து இப்போது தனித்துப்போன இடம் அது. இவ்வளவையும் பார்க்க ஒரு பின்னேரம் போதும். யாழ்ப்பாணத்தில் மிசனரி ஜோசப் நைற் தொடங்கிய தமிழ்-ஆங்கில அகராதி வேலை, மைரன் வின்ஸ்லோவின் கையில் முடிந்து சென்னையில் அச்சேறியபோது 1862 ஆகிவிட்டது; தொடங்கியவர் அதற்கு வெகுகாலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு சொல்லுக்கு ஒரு பின்னேரத்தை நீ கொடுத்தால் குறைந்துவிடமாட்டாய்.

2. எது வெறுமையாய்ப் போனது என்று கேட்டுவிட்டுச் சொல்லை எடு. நம்முடைய சனத்திடம் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. ரோட்டும் சந்தையும் என்றால் வெறிச்சோடிப் போச்சு. வளவென்றால் பத்தை பிடிச்சுப் போச்சு, இல்லாவிட்டால் காடாய்ப் போச்சு. கிணறென்றால் தூர்ந்து போச்சு. வீடென்றால் பாழடைஞ்சு போச்சு. புல் மட்டும் நிற்கும் வெளி என்றால் தரவை. அங்கே ஒருபோதும் வீடு இருந்ததில்லை. மாடுகள் இருக்கும், மாட்டுக்காரன் இருப்பான். மனிதர் என்றால் பத்திரிகைத் தமிழில் நிர்க்கதி, அநாதரவு. வீட்டுத் தமிழில் 'தனிச்சுப் போனாள்'. ஓமந்தைக்கும் முகமாலைக்கும் முன்னால் இரண்டு பக்கத்துக் காவலரணுக்கும் நடுவே கிடந்த நிலத்தைச் 'சூனியப் பிரதேசம்' என்றுதான் 2002க்குப் பிறகு பாதை திறந்திருந்த காலத்தில் எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சொல்லை யாரும் அகராதியிலே தேடி எடுக்கவில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, அடுத்த பஸ் ஏறும்வரை வாய் பேசாமல் நடந்தவர்கள் வைத்த பெயர் அது.

முள்ளியவளைப் பக்கத்து வயோதிபர் ஒருவர். கம்பி அடித்த வேலிக்கு வெளியே நின்று தன் வயலைக் காட்டினார். வந்திருந்த வெள்ளைக்காரப் பெண் குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை நான் 'தரிசு' என்று அவருக்குச் சொன்னேன். மனுசன் கோபிக்கவில்லை. "தம்பி, தரிசெண்டால் நான் விதைக்காமல் விட்டது. இது விதைக்க விடாதது" என்றார். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பார்.

3. ஆளில்லாத வளவுக்குள் போனால் முதலில் கண்ணைப் பழக்கு. 2010, 2011இல் மீள்குடியேற்றம் தொடங்கின நேரம் ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கம் போனவர்கள் எல்லாரும் 'ஒன்றுமில்லை, வெறும் காடு' என்றுதான் வந்து சொன்னார்கள். அந்தக் காட்டுக்குள் நேர்கோட்டில் நிற்கும் மரங்களைப் பார்த்தாயா? காட்டு மரம் நேர்கோட்டில் முளைக்காது. அது கிளிசரியாக் கதியால், வருடக்கணக்காய் வெட்ட ஆளில்லாமல் மரமாய் வளர்ந்து நிற்கிறது. அந்தக் கோடு எங்கே திரும்புகிறதோ அங்கே எல்லை. உள்ளே வட்டில்லாத தென்னை நாலு நிற்கும், ஷெல்லிலே தலை போனது. பக்கத்தில் ஒரு தேசி, காயோடு. தேசி நிற்கிற இடத்துக்குக் கிட்டக் கிணறு இருக்கும், ஏனென்றால் கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான் வீட்டுக்காரி அதை வைத்திருப்பாள். கிணற்றுக் கட்டு பத்தைக்குள் மறைந்திருக்கும், கவனம். பிறகு சீமெந்துப் படி இரண்டு, ஏறிப்போக வீடில்லாமல். நிலையும் கதவும் ஓடும் யாராவது கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஆட்டுக்கல் மட்டும் கிடக்கும்; அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஒருவராலும் முடியவில்லை.

இவ்வளவையும் கண்ட பிறகு 'வெறும் காடு' என்று எழுத உனக்குக் கை வராது.

இன்னொன்று, இது அறிவுரை இல்லை, கட்டளை. ஆளில்லாத நிலம் என்று கண்டபடி இறங்காதே. சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் மட்டும்தான் மிதிவெடி என்று நினைக்காதே. முகமாலையில் மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் வருடக்கணக்காக முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாய்க் கிண்டியது. ஊர்ச் சனம் நடக்கிற ஒற்றையடிப் பாதையிலே போ, அவர்கள் நிற்கிற இடத்தில் நில்.

4. 'ஆளில்லாத நாடு' என்ற பேச்சு எவ்வளவு பழசு என்று தெரிந்துகொள். பிரித்தானிய அதிகாரிகளின் எழுத்தில் வன்னி என்றால் காடு, காய்ச்சல், உடைந்த குளம். ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களுக்கென்று ஒரு கைநூல் வெளியிட்டார். அதை எடுத்துப் படி. குளங்களையும் ஊர்களையும் வழக்கங்களையும் பொறுமையாகப் பதிந்துவைத்த நூல் அது. மனிதர் இல்லாத நாட்டுக்கு இவ்வளவு ஊர்ப்பெயர் எப்படி வந்தது என்று உனக்கே கேட்கத் தோன்றும். உடைந்த குளம் இருந்தால் அதைக் கட்டின சனம் இருந்திருக்கும். வவுனிக்குளம் அப்படித்தான் காட்டுக்குள் கிடந்து, 1950களில் திருத்தப்பட்டு, திரும்ப வயலுக்குத் தண்ணீர் விட்டது.

நம்முடையவர்கள் எழுதியதையும் படி. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. தண்ணிமுறிப்புத்தான் களம். வெளியிலே இருந்து பார்க்கிறவனுக்குக் குளமும் காடும் மட்டும் தெரிகிற இடம், அந்தக் கதைக்குள் போனால் வயல், வேட்டை, வைராக்கியம், காதல், பொறாமை என்று எள்ளுப்போட இடமில்லாமல் இருக்கும். அந்த ஊரையும் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கத்து ஊர்களையும் விட்டுச் சனம் 1984 கடைசியில் வெளியேற வேண்டி வந்தது. பிறகு அந்த நிலம் காடாகத்தானே தெரியும்? காடாகத் தெரிந்ததும் வரைபடத்தில் பச்சை பூசிவிடுவார்கள். பச்சை பூசிய வளவுக்கு உறுதியைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராய் அலைகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நீ கவனமில்லாமல் போடுகிற ஒரு பெயரடை அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும், பிள்ளை.

5. இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓர் இடம் வெறுமையானது என்று எழுதினால், அங்கிருந்த சனம் எங்கே போனது என்பதை அடுத்த வசனத்தில் எழுது. இரண்டையும் பிரிக்காதே.

2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சிக்குள் போனது. உலகப் பத்திரிகைகளில் வந்த படங்களை உனக்கு நினைவிருக்காது, நீ சின்னப்பிள்ளை. கூரையில்லாத கட்டடங்கள், சாய்ந்து விழுந்த தண்ணீர்த் தாங்கி, ஒரு மனிதர் இல்லாத ஏ9 வீதி. பேய் நகரம் என்று எழுதினார்கள். படம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கூரைத் தகரங்கள் எங்கே? சனம் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கி, மேலே சட்டி பானையும் கிழவியும் ஆட்டுக்குட்டியும் ஏற்றிக்கொண்டு பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போய்விட்டது. தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வோர் ஊரும் ஒரு கிழமை நிரம்பி அடுத்த கிழமை வெறிச்சோடியது. கிளிநொச்சி வெறுமையாய்க் கிடந்த அதே நாட்களில் கொஞ்சத் தூரத்தில் தறப்பாளுக்குத் தறப்பாள் முட்டிக்கொண்டு, பங்கர் வெட்ட ஒரு பாய் அகலம் நிலமில்லாமல் சனம் கிடந்தது. மே மாதத்துக்குப் பிறகு அந்தக் கரையும் வெறுமையானது. வவுனியா முகாம்களில் 250,000க்கு மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டார்கள், பெரும்பாலானோர் செட்டிகுளத்து மெனிக் பாமில். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அதற்கு முன்பும் இதே கணக்குத்தான்: 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் ஒரே இரவில் வெறிச்சோடியது, அதில் பெருந்தொகையானோர் பிறகு கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்து மரத்தடிகளை நிரப்பினார்கள். ஓரிடத்து வெறுமை இன்னோரிடத்து நெரிசல். ஒன்றை மட்டும் காட்டுகிறவன் பாதியைத்தான் காட்டுகிறான்.

இங்கேதான் அந்த வினைச்சொல் உதவும். 'டெசலேட்' என்றால் அதற்கு ஓர் எழுவாய் வேண்டும். யாரோ செய்திருக்க வேண்டும். 'வெறுமையானது', 'அழிவடைந்தது' என்று தானாய் நடந்ததுபோல எழுதி ஒளிந்துகொள்ளாதே. ஷெல் அடித்தவரை எழுது. சனத்தைப் போகவிடாமல் மறித்தவரையும் எழுது. உனக்கு வேண்டியவர் என்று ஒருவரை விட்டுவிட்டால், மற்றவரைப் பற்றி எழுதியதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

6. நமக்கு வலிக்காத வெறுமையையும் போய்ப் பார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல். முல்லைத்தீவிலே தண்ணீரூற்று, நீராவிப்பிட்டியிலிருந்தும் போனார்கள். பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்த்தார்கள். நாங்கள் அந்த ஒழுங்கைகளால் சைக்கிளில் போய் வந்தோம். மூடிக் கிடந்த வீடுகளைக் கண்டோம். பிறகு அவற்றின் முற்றத்திலும் பத்தை வந்தது. அதைப் பற்றி அந்தக் காலத்தில் உரத்துப் பேசியவர்கள் மிகச் சிலர். பயம் இருந்தது, உண்மைதான். பழகியும் போயிருந்தோம், அதுவும் உண்மை. உன் அறிக்கையில் அது இல்லையென்றால் அது எழுதியவரின் குறை. ஆனால் நீ யாரிடமாவது 'இந்த ஊரில் முன்பு யார் யார் இருந்தவை?' என்று கேட்கும்போது, பதில் சொல்கிறவர் விட்டுவிட்டுப் போகும் பெயர்களையும் கேட்டு எடு.

7. மனிதருக்கு 'டெசலட்' என்று போட முன் அவர்களோடு ஒரு தேத்தண்ணி குடி. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடங்கியது. அந்தத் தாய்மாரை 'டெசலட்' என்று எழுதிய ஆங்கிலக் கட்டுரைகள் எத்தனையோ. நான் உரை பெயர்க்கப் போன நாளில் அவர்கள் கொப்பியில் வரவு எழுதிக்கொண்டிருந்தார்கள், படங்களுக்கு மழைபடாமல் பொலித்தீன் போட்டுக்கொண்டிருந்தார்கள், அன்றைக்கு யார் சமையல் என்று ஏசுப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் என்னைப் பார்த்து, "நாங்கள் அழுகிறதைத்தான் எல்லாரும் எழுதினம். நாங்கள் என்ன கேக்கிறம் எண்டு எழுதச் சொல்லு" என்றா. அவவின் கேள்விகள் ஐந்தாறு இருந்தன, ஒவ்வொன்றுக்கும் திகதியும் இடமும் இருந்தது. துயரம் இல்லையென்று சொல்லவில்லை. அது அவர்களுடைய வீட்டுக்குள் இருக்கிற பொருள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு விலை சொல்லாதே.

8. வெறுமை எல்லாம் துக்கமுமில்லை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றிய இரணைமடுவின் அலைகரையில் ஒருநாள் நின்று பார். சித்தர்கள் முப்பாழ் என்று பாடியபோது அழவில்லை, அடைய வேண்டிய இடம் என்றார்கள். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஞானம் போதாது.

9. பெயரடையைக் கடைசியில் போடு. முடிந்தால் போடாமலே விடு. பாரி இறந்து பறம்பு போனபின் அவன் பெண்பிள்ளைகள் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது, ஐந்தே அடி. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அதைத் திரும்ப எடுத்து, வெறுமை, பாழ், துயர் என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேடிப் பார். ஒரு மாதத்துக்கு முந்திய நிலவு, இன்றைய நிலவு. அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு இல்லாதது. அவ்வளவுதான் வைத்திருக்கிறார்கள். ஊரை இழந்த பெண்பிள்ளைகள் அவர்கள், சொல்லத் தெரியாமல் விடவில்லை. அறிக்கைக்காரன் 'பயங்கரமான, மனதை உலுக்கும், டெசலட்டான' என்று மூன்றை அடுக்கி வைத்தால் நீ மொழிபெயர்ப்பாளர், மூன்றையும் தரத்தான் வேண்டும். அது வேலை ஒழுங்கு. அவன் எழுதியதை நீ திருத்தாதே. ஆனால் நீ சொந்தமாய் எழுதும் நாளில் கிணற்றை எழுது, படியை எழுது, ஆட்டுக்கல்லை எழுது.

10. திகதி போடு. 'கிளிநொச்சி வெறிச்சோடிக் கிடக்கிறது' என்பது 2009இல் உண்மை. 2013 செப்டெம்பரில் யாழ்தேவி திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தபோது ஸ்ரேசனில் சனம் முட்டி நின்றது. படையினர் பிடித்திருந்த கேப்பாப்பிலவு பற்றி 2016இல் எழுதியவன் 2017 மார்ச்சுக்குப் பிறகு பிலவுக்குடியிருப்புக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வெளியே வீதியோரத்தில் இரவும் பகலும் இருந்து தங்கள் நிலத்தைக் கேட்டவர்கள் உள்ளே போய்க் கிணறு இறைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நிலங்களுக்காகப் போராட்டம் அதன்பிறகும் தொடர்ந்ததையும் கண்டிருப்பான். நிகழ்கால வினையில் எழுதிவிட்டுப் பத்து வருடம் அந்த ஊரை அப்படியே வைத்திருக்க உனக்கு உரிமை இல்லை. ஆகவே உன் கொப்பியில் ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே நாள், மாதம், வருடம், ஊர்ப்பெயர் எழுது. ஊர்ப்பெயரை அந்த ஊர்க்காரர் சொல்கிற மாதிரி எழுது. கீழே, அடுத்த மாரிக்கு முன் திரும்பிப் போக வேண்டிய வீடுகளின் பட்டியலை வை. பெயர்களை அவர்களிடம் கேட்டுவிட்டு எழுது. வேண்டாம் என்றால் ஒரு கோடு மட்டும் போதும். போகும்போது வெறுங்கையோடு போகாதே, கால் கிலோ சீனியாவது கொண்டு போ.